எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது?

தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். எழுத்தைக் கூட்டி ஒலிக்கக் கற்றுத் தருகிறோம் என்பது உண்மைதான். ஆயின், ஒலித்த சொல்லின் பொருளோடு சற்று நேரம் தங்கியிருக்கவும், நூல் சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன என்று உற்று நோக்கவும், தான் கூறும் விடைக்கு நூலிலிருந்தே சான்று காட்டவும் பிள்ளைக்குப் பயிற்சி தருகிறோமா? நுணுகிப் படித்தல் என்று நாம் இங்கே கூறுவது இதனைத்தான். இப்பயிற்சி நம் தொடக்கப் பள்ளிகளுள் மிகப் பலவற்றில் இல்லை. இல்லாததைக் குறித்து எவரும் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. இது கல்லூரியில் இலக்கியம் பயில்வோருக்கு உரியது, சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்போரும் உண்டு. ஆறு வயதிலேயே தொடங்கியாக வேண்டிய கல்வி இது என்றும், இதனை மறுப்பது ஏழைப் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதி என்றும் நாம் கருதுகிறோம். ஆகவே சற்றுக் கடுமையாகவே பேச நேர்கிறது. வாசகர்கள் பொறுத்தருள்க.

அடைப்புக்குறிக் கல்வி

மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடைபெறும் முறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பாடத்தை ஒருமுறை வாசிக்கிறார். பிள்ளைகள் ஒருமித்த குரலில் பின்சொல்கிறார்கள். அருஞ்சொற்களுக்குப் பொருள் கரும்பலகையில் எழுதப்படுகிறது. பிறகு, பென்சிலை எடுங்கள் என்ற ஆணை பிறக்கிறது. இரண்டாம் பத்தியில் இந்தச் சொல்லிலிருந்து இந்தச் சொல் வரை அடைப்புக்குறி போடுங்கள், அதுதான் முதல் கேள்விக்கு விடை என்று ஆசிரியர் சொல்ல, நாற்பது பென்சில்கள் அடைப்புக்குறி போடுகின்றன. அதற்குள் இருப்பது ஏட்டில் எழுதப்படுகிறது, வீட்டில் மனப்பாடம் செய்யப்படுகிறது, தேர்வில் இறக்கி வைக்கப்படுகிறது. அடைப்புக்குறிக்கு வெளியே கிடக்கும் பாடத்தை அப்பிள்ளை அதன்பின் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இம்முறையின் வெறுமையைக் காண ஒரு சிறு சோதனை போதும். எவ்விதப் பொருளும் இல்லாத சொற்களால் நாம் இரண்டு தொடர்களை அமைப்போம். "ஓர் ஊரில் ஒரு தொகுவன் இருந்தான். அவன் நாள்தோறும் நெவலையில் மிசுக்கினான்." இனி வினாக்கள்: ஊரில் இருந்தவன் யார்? அவன் எங்கே மிசுக்கினான்? எப்போதெல்லாம் மிசுக்கினான்? மூன்று வினாக்களுக்கும் எந்தப் பிள்ளையும் பிழையின்றி விடை எழுதிவிடும். தொகுவன் என்பவன் யார், நெவலை என்பது குளமா கூரையா, மிசுக்குதல் நற்செயலா தீச்செயலா என்று அறியாமலேயே முழு மதிப்பெண் பெற்றுவிடும். நம் பாடநூல் வினாக்களுக்கு நம் பிள்ளைகள் எழுதும் விடைகளில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை? கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்துள்ள சொல்லைப் பெயர்த்தெழுதும் கைவினைக்கு நாம் கல்வி என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

இக்கைவினையும் கூடப் பிள்ளைக்குக் கடினம் என்று கருதி, அதனையும் செய்து முடித்து அச்சிட்டு விற்கும் உரைநூல்கள் கடைகளில் குவிந்துள்ளன. பாடநூல் வாங்கும் அதே நாளில் உரைநூலும் வாங்கப்படுகிறது. பிள்ளை தன் சொந்தச் சொல்லில் விடை எழுதினால், "நோட்ஸில் உள்ளபடி இல்லையே" என்று சிவப்பு மையால் கோடிடுவோரும் இருக்கின்றனர். தானாக ஒரு தொடரைச் சிந்தித்து எழுதுவது தண்டனைக்குரிய செயல் என்று எட்டு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, பதினெட்டு வயதில் சிந்திக்கவில்லையே என்று பின்னர் நாமே வருந்துகிறோம்.

ஆங்கிலவழி மழலையர் பள்ளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் ஒரு சொல்லும் புழங்காத மொழியில், புரியாத பாடலைப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும்போது பெற்றோர் கண்ணில் நீர் மல்குகிறது. அது சொன்னதன் பொருள் என்ன என்று எவரும் கேட்பதில்லை. தமிழிலேயே பொருளோடு படிக்கப் பழகாத பிள்ளை வேறெந்த மொழியிலும் அவ்வாறு படிப்பது அரிது. இச்செய்தியை நம் மறைமாவட்டப் பள்ளிகளும் துறவற சபைகளின் பள்ளிகளும் அறியாதவை அல்ல. சேர்க்கை குறைந்துவிடும் என்ற அச்சம் வாயை அடைத்து வைத்திருக்கிறது.

கேடு யாருக்கு?

இதனால் என்ன கெட்டுவிட்டது, பிள்ளைகள் தேர்ச்சி பெறவில்லையா என்று கேட்கலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதுக்கு மேற்பட்ட தமிழக மக்களுள் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். அந்த எழுத்தறிவு எங்கே கைவிட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுகிறோம். 2018-ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே வடதமிழகத்தில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர், அவ்வதந்தியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அச்செய்திகளைக் கைப்பேசியில் பெற்று மற்றவர்க்கு அனுப்பியவர்களுள் பள்ளிக்குச் சென்றவர்கள் இல்லாமலா இருந்திருப்பர்? இதைச் சொல்பவர் யார், எந்த ஊரில் நடந்தது, என்று நடந்தது, இதற்கு ஆதாரம் எது என்னும் நான்கு வினாக்களைக் கேட்கும் பழக்கம் அவர்களுள் ஒரு சிலருக்கேனும் சிறு வயதில் ஊறியிருந்தால் அந்த மூதாட்டி வீடு திரும்பியிருக்கக் கூடும்.

அவ்வளவு பெரிய கொடுமைக்குப் போக வேண்டாம். பங்குப் பணியில் நாம் அன்றாடம் காண்பதைச் சொல்கிறோம். குழுக்கடன் வாங்கும் தாய்மார் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். கைநாட்டு வைத்த காலம் போய் அழகாகக் கையெழுத்திடும் காலம் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். அந்தப் படிவத்தில், ஒருவர் தவணை தவறினால் மற்றவர் அனைவரும் பொறுப்பு என்ற வரி எங்கே இருந்தது என்று கேட்டால், "அதெல்லாம் யார் சாமி படிச்சா?" என்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படித்தவர்கள். அச்சிட்ட தாள் என்பது ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று, கேள்வி கேட்கக் கூடியதன்று என்பதைப் பள்ளியிலேயே அவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தவர் அன்று ஆசிரியர், இன்று கடன்காரர்.

வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்கு இப்பயிற்சி ஓரளவு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. தந்தை செய்தித்தாளைப் படித்துவிட்டு விவாதிக்கிறார். தாய் கதைப்புத்தகம் வாங்கித் தந்து, "ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேட்கிறாள். கூலி வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. ஆகவே பள்ளி இதைக் கற்பிக்கத் தவறும்போது எல்லாப் பிள்ளைகளும் சமமாக இழப்பதில்லை. ஏழைப் பிள்ளை மட்டுமே முழுவதும் இழக்கிறது.

இதனை நன்கு உணர்ந்த குரு ஒருவர் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அருட்தந்தை லொரன்சோ மிலானி 1954-ஆம் ஆண்டின் இறுதியில் தஸ்கனி மலைப்பகுதியிலுள்ள பார்பியானா என்ற மிகச் சிறிய பங்குக்கு அனுப்பப்பட்டார். பள்ளியால் தோல்வியுற்றோர் என்று தள்ளப்பட்ட உழவர் பிள்ளைகளைச் சேர்த்துப் பங்கு இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். அன்றாடச் செய்தித்தாளை அவர்கள் சொல் சொல்லாகப் படித்தனர். ஒரு சொல் விளங்காவிட்டால் அதை விளக்கிய பிறகே மேலே சென்றனர். மொழியைத் தன்வயமாக்காத ஏழை எந்தச் சட்டத்தாலும் சமத்துவம் பெறமாட்டான் என்பது அவர் கொண்ட உறுதி. அவர்தம் மாணவர் எண்மர் சேர்ந்து எழுதி, 1967-இல் வெளியான 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூல் இத்தாலியக் கல்வியுலகையே உலுக்கியது. அவ்வாண்டு ஜூன் மாதமே, 44-ஆம் வயதில், மிலானி இறந்தார். வாழ்ந்த காலத்தில் திருச்சபை அதிகாரிகளால் ஐயத்தோடு நோக்கப்பட்ட அவருடைய கல்லறைக்கு 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் நேரில் சென்று செபித்தார். மிலானியின் மாணவர்கள் நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைவிட மூத்தவர்கள் என்பது மெய்யே. ஆயினும் பள்ளி முன்பே செய்யத் தவறியதைத்தான் அவர் பின்னர்ச் செய்ய வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

மரபு என்ன சொல்கிறது?

இது மேல்நாட்டு இறக்குமதி, நம் மரபு மனப்பாட மரபு என்று கூறுவோர் நம் மரபை அறியாதவர்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் எண்சுவடியையும் நெட்டுருப் போட்டது உண்மை. மனப்பாடத்தை நாம் பழிக்கவில்லை. நெஞ்சில் இருப்பதைத்தான் நினைத்துப் பார்க்க முடியும். ஆனால் நெட்டுருவோடு கல்வி முடிந்துவிட்டது என்று நம் முன்னோர் கருதவில்லை. நன்னூல் மாணவனுக்கு விதிக்கும் கடமைகளுள் கேட்டதை மீண்டும் எண்ணிப் பார்த்தலும், வினவுதலும், வினவப்பட்டதற்கு விடையிறுத்தலும் அடங்கும். ஒரு நூலை இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்பவன் அதனைப் பிறர்க்கு முறையறிந்து உரைப்பான் என்பது பவணந்தியார் கருத்து. நம் வகுப்பறையில் ஒருமுறை வாசித்தவுடன் பாடம் 'முடிந்துவிடுகிறது'. வினவுகிற பிள்ளையோ வாயாடி எனப்படுகிறது.

நம் உரையாசிரியர்களைப் பாருங்கள். பரிமேலழகர் ஒரு குறளில் வரும் 'உம்' என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு நின்று விளக்கம் தருகிறார். அது எச்ச உம்மையா, சிறப்பும்மையா என்று ஆராய்ந்து, அதனால் பொருள் எவ்வாறு மாறுகிறது என்று காட்டுகிறார். ஒரு சொல்லைக் கூட வீணாகக் கருதாத இந்த மதிப்பே நுணுகிப் படித்தலின் உயிர்.

கிறிஸ்தவ மரபிலும் இதற்குக் குறைவில்லை. பழங்காலத் துறவியர் இறைநூலைப் படித்த முறைக்குப் பசு அசைபோடுவதை உவமையாகக் கூறினர். கிகோ என்னும் கார்த்தூசியத் துறவி 12-ஆம் நூற்றாண்டில் படித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்நிலையில் திளைத்தல் என நான்கு படிகளை வகுத்தார், முதற்படி படித்தல்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தில், இறைமக்கள் அனைவரும் திருநூலை அடிக்கடி படிக்க வேண்டுமென வற்புறுத்தியது. 2024-ஆம் ஆண்டில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கிய வாசிப்பு மனிதரை உருவாக்குவதைப் பற்றித் தனி மடலே எழுதினார். ஆனால் ஒரு பத்தியை நின்று படிக்கப் பழகாதவர்களிடம் விவிலியத்தைக் கொடுத்தால் என்ன நேரும்? வீடு வீடாக வந்து, ஒரு வசனத்தின் பாதியைக் கிழித்தெடுத்துக் காட்டி அச்சுறுத்துவோர் முன் நம்மவர் வாயடைத்து நிற்பதைக் காண்கிறோம். அதற்கு முந்தின வரியையும் பிந்தின வரியையும் படித்துக் காட்டுங்கள் என்று கேட்கத் தெரிந்த ஒருவரை அவ்வாறு அச்சுறுத்த இயலாது.

சின்னப் பிள்ளைகளால் இயலுமா?

இயலும். அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கரும்பலகையில் நான்கு தொடர்களை எழுதுங்கள். மேரி பள்ளிக்கு வந்தாள். மேரியும் பள்ளிக்கு வந்தாள். மேரிதான் பள்ளிக்கு வந்தாள். மேரிகூடப் பள்ளிக்கு வந்தாள். நான்கும் ஒன்றா என்று இரண்டாம் வகுப்பில் கேளுங்கள். இரண்டாவதில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பார்கள். மூன்றாவதில் வேறொருவர் வந்ததாக யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பார்கள். நான்காவதில் மேரி வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள் என்பார்கள். உடனே, "எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது?" என்று கேளுங்கள். விரல் சரியாக 'உம்' மேலும், 'தான்' மேலும், 'கூட' மேலும் வந்து நிற்கும். பரிமேலழகர் செய்த வேலையை, அவர் வைத்த பெயர்கள் இல்லாமல், ஏழு வயதுப் பிள்ளை செய்கிறது. தாய்மொழியைப் பேசும் பிள்ளைக்கு இவ்வறிவு முன்பே உண்டு. பள்ளி அதைத் தட்டி எழுப்புவதில்லை.

பாட்டி வடை சுட்ட கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? புகழ்ச்சிக்கு மயங்காதே என்ற நீதியை நாம் முதலிலேயே சொல்லிக் கதையை மூடிவிடுகிறோம். மூடாமல் கேட்டுப் பாருங்கள். நரிக்கு வடை வேண்டும் என்பது நமக்கு எப்படித் தெரியும்? நரி காகத்திடம் அதைச் சொன்னதா? சொல்லவில்லை. வடை என்ற சொல்லையே அது உச்சரிக்கவில்லை. பாடு என்று மட்டுமே கேட்டது. அப்படியானால் ஒருவர் கேட்பதும் அவருக்கு வேண்டியதும் வேறாக இருக்கலாம் என்பதைப் பிள்ளை அங்கேயே கண்டுகொள்கிறது. பிற்காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரையும் விளம்பரத்தையும் அளந்தறிய இதைவிடச் சிறந்த பாடம் எது? இன்னும் கேளுங்கள். வடை யாருடையது? காகம் அதை எப்படிப் பெற்றது? கதை முடியும்போது பாட்டி எங்கே? ஒரு பங்குப் பள்ளியில் நாம் இதைக் கேட்டபோது, வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு சிறுமி, "பாட்டிக்கு யாருமே காசு குடுக்கல சாமி" என்றாள். உழைத்துப் பிழைக்கும் ஏழைக் கிழவி அக்கதையிலிருந்து மறைந்துபோவதை நீதி சொல்லும் அவசரத்தில் பெரியவர்கள் கவனிப்பதில்லை. அச்சிறுமி கதையைத்தான் படித்தாள், நீதியை அல்ல.

மறுப்புகளும் விடைகளும்

எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளையிடம் நுணுக்கம் பேசுவதா என்பது முதல் மறுப்பு. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் வெளியிட்டு வரும் கல்வி நிலை ஆய்வறிக்கையின்படி, 2022-இல் இந்திய ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள பாடத்தைத் தடையின்றி வாசித்தனர். தமிழக அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியதும் இக்குறையை நீக்கத்தான். எழுத்தை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எழுத்து முழுவதும் வந்த பிறகே பொருள் என்று காத்திருப்பது, நடக்கப் பழகும் வரை பிள்ளையைக் கண்மூடி இருக்கச் சொல்வது போன்றது. எழுத்தறியாத பிள்ளைக்கு ஆசிரியர் வாசித்துக் காட்டலாம். செவியால் கேட்ட கதையிலும் சான்று கேட்கலாம். உண்மையில், கதையின் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சுவை கண்ட பிள்ளைதான் எழுத்தைக் கற்கவும் முந்துகிறது.

நேரமில்லை, பாடத்திட்டம் முடியாது, தேர்வு வருகிறது என்பது இரண்டாம் மறுப்பு. எந்தத் தேர்வு? ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று 2019-இல் வெளியான அறிவிப்பு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தொடக்கப் பள்ளிக்குப் பொதுத் தேர்வே இல்லை. வினாத்தாளை அமைப்பதும் திருத்துவதும் பெரும்பாலும் நம் ஆசிரியர்களே. தாமே கட்டிய வேலியைக் காட்டி, தோட்டத்துக்குள் போக முடியவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளையும் சுமந்துகொண்டு, இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றியே பொழுதைக் கழிக்க நேரும் ஆசிரியர்களின் துன்பத்தை நாம் அறிவோம். அவர்கள் மேல் கல்லெறிய வரவில்லை. வாரத்திற்கு ஒரே ஒரு பத்தி, ஐந்தாறு தொடர் அளவில், முப்பது நிமிடம் போதும் என்கிறோம். செலவு ஒரு காசும் இல்லை.

மூன்றாம் மறுப்பு நல்ல ஆசிரியர்களிடமிருந்து வருவது. துருவித் துருவிக் கேட்டால் பிள்ளைக்குக் கதையின் இன்பம் போய்விடாதா என்கிறார்கள். போய்விடக் கூடும். அமெரிக்காவில் 2010-இல் வெளியிடப்பட்ட பொதுக் கல்வித்தரங்கள் நுணுகிப் படித்தலை வாசிப்பின் முதல் தரமாக வைத்தன. ஆயின் பல வகுப்பறைகளில் அது கதையைத் துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சித்தாளில் ஒட்டும் சடங்காகிவிட்டது என்ற முறையீடு அங்கே எழுந்தது. நாமும் அவ்வாறு செய்தால் அடைப்புக்குறிக்குப் பதில் வேறொரு குறி வந்ததாகவே முடியும். ஆகவே முதலில் கதை முழுவதையும் இடையூறின்றி வாசித்துக் காட்ட வேண்டும். கேட்கும் வினாக்கள் மூன்று நான்குக்கு மேற்படலாகாது. ஆசிரியருக்கே விடை முன்கூட்டித் தெரிந்த வினாக்களாக அவை அனைத்தும் இருத்தல் ஆகாது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சொல்லை மட்டும் உற்றுப் பார்த்தால் பொருள் வந்துவிடாது. உலகத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தனர். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அவ்வாட்டத்தை அறிந்திருந்த மாணவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட நன்கு புரிந்துகொண்டனர். கடலையே காணாத பிள்ளைக்குக் கட்டுமரத்தைப் பற்றிய பாடத்தை எத்துணை நுணுகியும் பயனில்லை. முதலில் படத்தையேனும் காட்டுங்கள். நெய்தல் நிலத்துப் பங்கில் வாழும் பிள்ளைக்கோ அதே பாடத்தில் ஆசிரியரைத் திருத்தும் அளவுக்கு அறிவு இருக்கும். அப்படித் திருத்த அனுமதிப்பதும் கல்வியே.

செய்ய வேண்டியவை

நாம் கேட்பவை மிகச் சிலவே. நம் மறைமாவட்டப் பள்ளிகளின் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளை நுணுகிப் படித்தலுக்கு ஒதுக்கப்படட்டும். ஆசிரியர் ஒருமுறை வாசிக்க, பிள்ளைகள் ஒருமுறை வாசிக்க, மூன்றாம் முறை கையில் பென்சிலோடு மௌனமாக வாசிக்கட்டும். அப்பென்சில் அடைப்புக்குறி போட அன்று. விளங்காத சொல்லின் கீழும், வியப்பூட்டிய சொல்லின் கீழும் கோடிட. பிறகு மூன்று வினாக்கள்: இது என்ன சொல்கிறது? எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? அதன்பின் ஒரு வினாவைப் பிள்ளைகளே கேட்கட்டும். தொடக்க வகுப்புகளில் உரைநூல்களுக்கு நம் பள்ளி வளாகத்தில் இடமில்லை என்று நிர்வாகத்தினர் துணிந்து அறிவிக்கட்டும். உள்தேர்வு வினாத்தாளில் ஒரு வினாவேனும், பாடநூலில் இல்லாத புதிய பத்தியொன்றிலிருந்து கேட்கப்படட்டும். நெட்டுருவுக்கும் படிப்புக்கும் உள்ள வேறுபாடு அன்றே வெளிப்பட்டுவிடும்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் இதற்கு விலக்கன்று. நல்ல சமாரியர் உவமையை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். எல்லாருக்கும் உதவ வேண்டும் என்ற நீதியையும் ஒப்பிப்பார்கள். லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக் கேட்டுப் பாருங்கள். திருச்சட்ட அறிஞர் கேட்ட கேள்வியும் இயேசு திருப்பிக் கேட்ட கேள்வியும் ஒன்றா? தமக்கு அடுத்திருப்பவர் யாரென்று அறிஞர் கேட்டார். அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டவர் யாரென்று இயேசு கேட்டார். கேள்வி தலைகீழாகத் திரும்பிவிட்டது. அறிஞர் விடை கூறும்போது 'சமாரியர்' என்ற சொல்லைச் சொன்னாரா? சொல்லவில்லை, இரக்கம் காட்டியவர் என்றே சொன்னார். ஏன் சொல்லவில்லை? இக்கேள்வியை நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, நம் ஊர்களில் சிலருடைய தெருப் பெயரையும் சாதிப் பெயரையும் வாயால் சொல்லவும் கூசுவோரைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். மறையுரையில் நாம் சொல்லத் தயங்குவதைப் பிள்ளைகள் நூலிலிருந்தே எடுத்துச் சொல்வார்கள்.

பெற்றோரான பொதுநிலையினரிடம் இறுதியாக ஒன்று வேண்டுகிறோம். உங்கள் குரல் எழாமல் எந்தப் பள்ளியும் மாறாது. அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, எத்தனை மதிப்பெண், எத்தனையாவது இடம் என்று கேட்பதற்கு முன், பாடநூலை வாங்கித் திறந்து பாருங்கள். பக்கமெல்லாம் எண்ணிட்ட அடைப்புக்குறிகள் மட்டும் இருந்தால், இதில் என் பிள்ளை எங்கே சிந்தித்தது என்று ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். மாலையில் வீட்டில் பிள்ளையை அருகில் அமர்த்தி, அன்று படித்த பாடத்தில் ஏதேனும் ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்காதவராயினும் கவலை வேண்டாம். வாசித்து முடித்ததும், "அப்படின்னு எந்தச் சொல் சொல்லுது, காட்டு" என்று கேட்க எழுத்தறிவு தேவையில்லை.